மணல் தரையில் ஒட்டி ஒட்டி அஸ்திவாரம்: கேள்வி-பதில்

கேள்வி: இரண்டு ஃபுட்டிங் (சுமையை மண்ணுக்குப் பரப்பும் அஸ்திவார அடிப்பாகம்) நெருங்கினால் மண்ணின் தாங்குதிறன் குறையும் என்கிறார் எங்கள் மேஸ்திரி. கூடும் என்கிறது பாடநூல். எது சரி?

மணலைப் பொறுத்தவரை பாடநூல் சொல்வது சரி. ஆனால் மேஸ்திரியின் பயத்துக்கும் காரணம் இருக்கிறது.

சுமை மிஞ்சி மண் உடைந்து ஃபுட்டிங் இறங்கும்போது அடியிலுள்ள மணல் பக்கவாட்டில் நகர்ந்து மேலே பிதுங்கும். பக்கத்திலேயே இன்னொரு ஃபுட்டிங் சுமையோடு இருந்தால் அந்த வழி அடைபட்டு, நடுவிலுள்ள மணல் இறுகும். இதை 1962இல் ஸ்டூவர்ட் என்ற ஆய்வாளர் கணக்கிட்டுக் காட்டினார். தரைமட்டத்தில் உள்ள, 'பி' அகலமுள்ள இரண்டு பட்டை அஸ்திவாரங்கள் (சுவரின் நீளத்துக்கு ஓடுபவை) இடைவெளியே இல்லாமல் ஒட்டினால் 2பி அகல ஒரே அஸ்திவாரமாகிவிடும்; சதுர மீட்டருக்குத் தாங்கும் அழுத்தம் இரட்டிப்பாகும். மாதிரிச் சோதனைகளில் இந்த லாபம் அவர் கணக்கைவிடக் குறைவாகவே கிடைத்தது. மையத்துக்கு மையம் 4 முதல் 5 பி வரை விலகினால் பாதிப்பு ஏறக்குறைய மறைந்துவிடும்.

மேஸ்திரி கண்ணால் பார்ப்பது அமிழ்வை, அதாவது சுமையால் மண் அமுங்கி ஃபுட்டிங் கீழிறங்குவதை. 1.5 மீட்டர் சதுர ஃபுட்டிங் இரண்டு, நடுவில் அரை மீட்டர் இடைவெளி, ஒவ்வொன்றின் அடியிலும் சதுர மீட்டருக்கு 15 டன் என்று வைத்துக்கொள்வோம். சுமை 2 செங்குத்துக்கு 1 கிடை என விரியும் என்றால், அரை மீட்டர் ஆழத்திலேயே இரண்டின் சுமையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறத் தொடங்கும். 1.5 மீட்டர் ஆழத்தில் தனி ஃபுட்டிங் தருவது 3.75 டன், சுமைகள் சேரும் பகுதியில் 7.5 டன். அந்தப் பகுதி ஒவ்வொரு ஃபுட்டிங்குக்கும் உட்பக்க விளிம்பின் கீழ் விழுவதால், இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று சாயப் பார்க்கும்.

கேள்வி: அப்படியானால் கூடுதல் தாங்குதிறனை டிசைனில் சேர்க்கலாமா?

வேண்டாம். ஒரு மீட்டருக்கு மேல் அகலமான ஃபுட்டிங்கில், மணலில் பெரும்பாலும் முடிவு செய்வது அமிழ்வுதான், மண்ணின் உடைவு அல்ல. ஐ.எஸ். 1904 (அஸ்திவாரத்துக்கான இந்தியத் தரவிதி) ஆர்.சி.சி. கட்டடத்தின் தனி ஃபுட்டிங்குக்கு மணலில் 50 மி.மீ. வரை அமிழ்வையும், இரண்டு தூண்களுக்கு நடுவே தூரத்தில் 0.0015 பங்கு அமிழ்வு வேறுபாட்டையும் அனுமதிக்கிறது. 4 மீட்டர் இடைவெளிக்கு அது வெறும் 6 மி.மீ. தவிர, லாபம் பக்கத்து ஃபுட்டிங்கும் சுமையோடு இருக்கும் வரைதான். நாளைக்கு அந்த ஃபுட்டிங் தாங்கும் பக்கத்து வீட்டை இடித்தால்?

ஃபுட்டிங்குகள் ஒன்றையொன்று தொடும் நிலை வந்தால் இணைத்து ஒரே ஃபுட்டிங்காகப் போடுங்கள். மொத்தப் பரப்பு கட்டடப் பரப்பில் பாதியைத் தாண்டினால் ராஃப்ட் (கட்டடம் முழுவதற்கும் ஒரே கான்கிரீட் பலகை) மலிவாக முடியலாம்.

கேள்வி: பக்கத்து மனையில் எங்கள் சுவரை ஒட்டிக் குழி தோண்டுகிறார்கள். எங்கள் அஸ்திவார அடிமட்டம் வரைக்கும்தான் போகிறார்கள். ஆபத்து உண்டா?

உண்டு. வந்திருக்கும் கேள்விகளில் உண்மையில் அவசரமானது இதுதான். மணலில் உங்கள் அஸ்திவாரத்தின் பலத்தில் பெரும்பங்கு, பக்கத்தில் அடைந்து நிற்கும் மண்ணின் பாரம் தருவது. 1.2 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம், உராய்வுக் கோணம் (மணல் துகள்கள் ஒன்றையொன்று பிடிக்கும் பலத்தின் அளவு) 30 பாகை, மண் எடை கன மீட்டருக்கு 1.7 டன் என்று ஒரு பட்டை அஸ்திவாரத்தை எடுங்கள். தாங்குதிறன் கணக்குக்கான தரவிதி ஐ.எஸ். 6403 தரும் கெழுக்களின்படி (18.4, 22.4):

பக்க மண் தருவது: 1.7 × 1.2 × 18.4 = 37.5 டன்
அகலம் தருவது: 0.5 × 1.7 × 1.2 × 22.4 = 22.8 டன்

சதுர மீட்டருக்கு மொத்தம் 60 டன். மூன்றால் வகுத்து 20 டன் ஏற்றியிருப்பார்கள். பக்க மண்ணை அள்ளியதும் மிஞ்சுவது 22.8 டன். மூன்று மடங்கு காப்பு ஒன்றேகால் மடங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. நிலத்தடி நீர் அடிமட்டத்துக்கு ஏறினால் அந்த 22.8இலும் பாதி போகும். அப்போது 20 டன்னை எது தாங்கும்? பல வீடுகள் தப்பிப்பது, அவற்றின் அடியில் உண்மைச் சுமை அனுமதித்ததைவிடக் குறைவாக இருப்பதால்தான்.

முழு நீளத்துக்கும் ஒரேயடியாகத் திறக்க விடாதீர்கள். ஒரு மீட்டர், 1.2 மீட்டர் துண்டுகளாக, ஒன்று விட்டு ஒன்று தோண்டி, கான்கிரீட் போட்டு, இறுக நிரப்பிய பிறகே அடுத்த துண்டைத் தொட வேண்டும். நுண்மணலில் குழிக்குள் மோட்டார் வைத்து இறைத்தால் தண்ணீரோடு மணலும் வரும். அது பெரும்பாலும் உங்கள் வீட்டடி மணல். வடிகட்டியுள்ள வெல்பாயிண்ட் (குழியைச் சுற்றி மண்ணில் இறக்கி நீரை உறிஞ்சும் குழாய்) வேண்டும். இறைக்கும் நீர் கலங்கலாக வந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். தளர்ந்த மணலில் அதிரும் ரோலர், ஷீட் பைல் (குழிச்சுவரைத் தாங்கும் இரும்புத் தகடு) அடிக்கும் சுத்தியல் இரண்டுக்கும் அருகில் அனுமதி கூடாது.

கேள்வி: புதிய ஃபுட்டிங் பழையதைவிடக் கீழே போக வேண்டியிருக்கிறது. எவ்வளவு தள்ள வேண்டும்?

மணலில் இரண்டு ஃபுட்டிங்குகளின் எதிரெதிர் கீழ் விளிம்புகளை இணைக்கும் கோடு, 1 செங்குத்துக்கு 2 கிடை என்ற சரிவைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது, இதுவும் ஐ.எஸ். 1904தான். 0.9 மீட்டர் கீழே போனால் 1.8 மீட்டர் தள்ளி. இடமில்லை என்றால் பழைய அஸ்திவாரத்துக்கு முதலில் அண்டர்பின்னிங் (அடியில் கான்கிரீட் தாங்கு கொடுத்து ஆழமாக்குவது), பிறகு புதிய குழி.

கேள்வி: எல்லைக் கோட்டிலேயே தூண். ஃபுட்டிங் ஒருபக்கம்தான் விரிகிறது.

உள்தூணின் ஃபுட்டிங்கோடு ஸ்ட்ராப் பீம் (இரண்டு ஃபுட்டிங்கையும் கட்டும் உத்திரம்) போட்டு இணையுங்கள். பீமின் அடி மண்ணில் ஊன்றக் கூடாது.

கேள்வி: பழைய சுவரில் விரிசல் விழுந்துவிட்டது. நகர்வு நின்றதா என்று எப்படி அறிவது?

விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டை சிமெண்டால் ஒட்டித் தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் நகர்வு தொடர்கிறது. கூடவே விரிசலின் இரு புறமும் ஆணி அடித்து, இடைத்தூரத்தை வெர்னியர் அளவுகோலால் வாரம் ஒருமுறை குறியுங்கள். குழி திறந்திருக்கும் நாட்களிலும் மழைக்குப் பிறகும் தினமும்.