போர்டை மாத்தினா மல்டிடாஸ்கிங் இரண்டு மடங்காகுமா?

வெள்ளவத்தையில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். அவரிட்ட இருக்கிறது இன்டெல் ஐ5 12400 சிபியு, அதாவது மெஷின்ட மூளை, எச்610 போர்ட், அதாவது எல்லாப் பாகமும் ஏறுற மதர்போர்ட், 8 ஜிபி ரேம் ஒண்டு. சூம் கிளாஸ், குரோம்ல பத்துப் பதினைஞ்சு டேப், எக்செல் எல்லாம் ஒண்டாத் திறந்தா மெஷின் இழுக்குதாம். தெரிஞ்ச ஒருத்தர் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், விலை கூடின இசட்790 போர்ட் போட்டா மல்டிடாஸ்கிங் இரண்டு மடங்கு கூடும் எண்டு ஒரு பெஞ்ச்மார்க் ஸ்கோரையும், அதாவது வேகத்தை அளக்கிற சோதனையில வந்த புள்ளியையும், காட்டியிருக்கார். மாத்தவா எண்டு கேக்கிறார்.

வேண்டாம் தம்பி. ரேம் வாங்குங்க.

வேலையைச் செய்யிறது சிபியு, போர்ட் இல்ல. ரேமை நடத்துற கொன்ட்ரோலர் முந்திப் போர்ட்லதான் இருந்தது, ஏஎம்டி 2003லயும் இன்டெல் 2008லயும் அதைச் சிபியுக்குள்ளயே வச்சிட்டாங்க, அதால அதே சிபியு, அதே ரேம், அதே செட்டிங்ல ரெண்டு நல்ல போர்டை ஓட்டிப் பாத்தா வாற வித்தியாசம் உங்கட வேலையில தெரியவே தெரியாது. இழுக்கிற நேரம் டாஸ்க் மேனேஜர்ல மெமரியைப் பாருங்க, 90 வீதத்துக்கு மேல நிண்டா அதுதான் காரணம். எச்610ல வழக்கமா ரெண்டு ஸ்லொட் இருக்கு, அதே வகை 8 ஜிபி இன்னொண்டு போட்டா டுவல் சனலும் வந்திடும், அதாவது ரெண்டு ரேமும் ஒரே நேரத்தில வேலை செய்யும். உங்கட போர்ட் எடுக்கிற ரேம் வகை டிடிஆர்4ஆ டிடிஆர்5ஆ எண்டு பாத்து வாங்குங்க, ஒண்டின்ட இடத்தில மற்றது ஏறாது.

அவர் காட்டின ஸ்கோர் எந்தச் சிபியுல எடுத்தது எண்டு கேட்டீங்களா? ஐ5ஐ விடப் பெரிய ஐ9 சிபியுல எடுத்ததைக் காட்டி ஐ5காரருக்குப் போர்ட் விக்கிறது பச்சை ஏமாத்து. சில போர்ட் கம்பனிகளும் பயோஸ்ல, அதாவது போர்டின்ட அடிப்படைச் செட்டிங்ல, சிபியு எடுக்கக்கூடிய பவர் லிமிட்டைத் தூக்கிவிட்டு ஸ்கோரைக் கூட்டிக்கொண்டுதான் இருந்தாங்க, இன்டெல்லின்ட 13ம் 14ம் ஜெனரேஷன் சிபியு கிராஷ் ஆகிற பிரச்சினை வெடிச்சாப் பிறகு 2024ல இன்டெல்லே தன்ட டிஃபோல்ட் செட்டிங்கைப் போடச் சொல்லவேண்டி வந்தது.

போர்ட் உண்மையில முக்கியமாகிற இடம் ஒண்டு இருக்கு. 12400 கூடினா 117 வாட் எடுக்கும், அதைவிடப் பெரிய சிபியுகளான 13700 எண்டா 219, 14900கே எண்டா 253. மலிவு எச்610 கனக்கதில விஆர்எம்முக்கு, அதாவது சிபியுக்குக் கரண்ட் குடுக்கிற பகுதிக்கு, ஹீட்சிங்கே இராது. அதில பெரிய சிபியுவைப் போட்டா முதல் நிமிஷம் ஸ்கோர் நல்லா வரும், பிறகு விஆர்எம் கொதிச்சு ஸ்பீட் விழும், ஏசி இல்லாத கொழும்பு அறையில இன்னும் கெதியா. அதாலதான் ஒருக்கா ஓட்டின ஸ்கோரை நம்பாதீங்க எண்டு தொண்டை கிழியச் சொல்றன். சிபியுவைச் சோதிக்கிற சினிபெஞ்ச் ஆர்23 மென்பொருளை 10 நிமிஷம் விடாம ஓடவிட்டு, பக்கத்தில எச்டபிள்யூஇன்ஃபோ எண்ட கண்காணிக்கிற மென்பொருள்ல சிபியு கிளொக்கை, அதாவது அது ஓடுற வேகத்தை, பாருங்க, ஆரம்பத்தில ஒருக்கா இறங்கி அதில நிண்டா சரி, போகப்போக விழுந்துகொண்டே போனா விஆர்எம்மோ கூலரோ தாங்கேல்ல. வீடியோ ரெண்டர் பண்றவங்களுக்கு இது கட்டாயம். உங்கட 12400க்கு இந்தப் பயம் தேவையில்ல.

கூட வந்த ஆளைப் பற்றியும் சொல்லோணும். உங்கட மெஷினைத் திறந்துகூடப் பாக்காம விலை கூடின போர்டைக் கைகாட்டுறவருக்கு அந்தக் கடையில என்ன கிடைக்குது எண்டு யோசியுங்க. அடுத்தமுறை தனியாப் போங்க, ரெண்டு மூண்டு கடையில விலை கேளுங்க. வொரண்டியையும் வாசியுங்க. 3 வருஷம் எண்டு பெரிசாப் போட்டு, கீழ சின்ன எழுத்தில ஒரு வருஷம் எண்டா 350 நாள், எரிஞ்ச அடையாளம் இருந்தா இல்ல, துருப்பிடிச்சா இல்ல எண்டு எழுதுறாங்க. கடல் காத்து அடிக்கிற வெள்ளவத்தையில துருவுக்கு வொரண்டி இல்லையெண்டா பிறகென்ன வொரண்டி? இதை ஒருத்தரும் தட்டிக் கேக்கிறதாவும் தெரியேல்ல. சீரியல் நம்பரோட பில்லை உங்கட பேர்ல எடுங்க. பிரச்சினை எண்டா பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 எண்ட நம்பருக்குக் கோல் எடுக்கலாம், ஆனா பில் இல்லாம அங்க ஒண்டும் கதைக்க ஏலாது.