பாழ்நிலம்: குறிப்புகள் இல்லாமல் படிக்கலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

டி.எஸ். எலியட்டின் 'பாழ்நிலம்' (The Waste Land) என்ற ஆங்கிலக் கவிதையை மூன்று முறை தொடங்கிவிட்டேன். ஒவ்வொரு முறையும் பின்குறிப்புகளில் நுழைந்து இத்தாலியக் கவிஞர் தாந்தே, ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னர் என்று அலைந்து, முதல் பகுதியோடு நின்றுபோகிறேன். இவ்வளவும் தெரிந்தால்தான் புரியுமா? உபநிஷதம் வருவதால் இது இந்துக் கவிதை என்கிறார் நண்பர். சரிதானா?

க.

அன்புள்ள க.,

குறிப்புகளை மூடிவையுங்கள். 1922 அக்டோபரில் 'கிரைட்டீரியன்' இதழில் கவிதை வந்தபோது அவை கிடையாது. ஆண்டிறுதியில் நூலானபோதுதான் சேர்ந்தன. தனி நூலுக்குக் கவிதை சிறியது என்பதால் குறிப்புகளை நீட்டியதாக எலியட்டே பின்னாளில் சொன்னார். பிழையும் உண்டு: கவிதையின் இறுதிப் பகுதியில் வரும் இடியின் கதைக்கு மூலம் பிருஹதாரண்யக உபநிஷதம் 5.1 என்கிறார்; கதை இருப்பது 5.2-இல்.

சுமார் 430 வரிகள்தான், வாய்விட்டுப் படியுங்கள். பலர் தடுக்கி விழுவது, பேசுபவர் ஒருவரே என்று எண்ணுவதால். இது பல குரல்களின் கவிதை. மதுக்கடையில் ஒருத்தி ஊர்வம்பு பேச, கடை மூடும் நேரமாயிற்று என்று கடைக்காரர் குறுக்கே கத்துவதைக் கேட்க எந்தக் குறிப்பும் வேண்டாம். லண்டன் பாலத்தில் நகரும் கூட்டத்துக்குப் பின்னால் தாந்தேயின் நரகம் இருக்கிறது, உண்மை. ஆனால் செயின்ட் மேரி வுல்நாத் தேவாலய மணி ஒன்பது அடிப்பது அலுவலகம் போகிற எவருக்கும் புரியும். எலியட் அப்போது லாயிட்ஸ் வங்கி ஊழியர்.

இந்துக் கவிதையா? இல்லை. ஹார்வர்டில் சமஸ்கிருதம் படித்தவர்தான். ஆனால் எடுத்ததைத் தன் தேவைக்கு மாற்றிக்கொண்டார். உபநிஷதத்தின் அந்தக் கதையில், படைப்புக் கடவுளான பிரஜாபதி சொல்லும் (இடியும் முழங்கும்) ஒரே 'த'வை தேவர்கள் 'தாம்யத' (அடங்கு) என்றும், மனிதர்கள் 'தத்த' (கொடு) என்றும், அசுரர்கள் 'தயத்வம்' (இரங்கு) என்றும் கேட்கிறார்கள். எலியட்டில் மனிதர்களின் 'தத்த' முதலில் வருகிறது, தேவர்களின் அடக்கம் கடைசிக்குப் போகிறது.

அந்தக் கடைசி 'தாம்யத'வில் மெதுவாகப் போங்கள். தேர்ந்த கைக்குப் படகு இணங்கியது என்கிறார். அடுத்து இதயத்தைச் சொல்லும்போது வினை மாறுகிறது: அழைத்திருந்தால் அதுவும் இணங்கியிருக்கும். படகுக்கு நடந்தது இதயத்துக்கு நடக்கவில்லை. இரண்டையும் 'இணங்கியது' என்றே மொழிபெயர்த்தால் அந்த இழப்பு காணாமல் போய்விடும், மிஞ்சுவது உபதேசம்தான். உங்கள் நண்பர் படித்தது அப்படியொரு மொழிபெயர்ப்பாக இருக்கலாம்.