பேசிய நாள்களுக்கும் கூலி கேளுங்கள்

கேள்வி: அன்புள்ள டீச்சருக்கு, எனக்கு 27 வயது. குளச்சலுக்கு அருகில் ஒரு கடலோர ஊர். கும்பகோணத்தில் நுண்கலைப் பட்டம் முடித்துவிட்டு, மூன்று ஆண்டுகளாகத் தனியார் பள்ளி ஒன்றில் வாரம் மூன்று நாள் ஓவியம் கற்பிக்கிறேன். சென்ற ஆண்டு எங்கள் சமூகநலக் கூடத்தின் மதிலில், ஊர்ப் பிள்ளைகள் நாற்பது பேரோடு சேர்ந்து கடல் தொழிலைப் பற்றி ஒரு பெரிய சுவரோவியம் வரைந்தேன். ஐந்து வாரம் ஆயிற்று. ஊர்க் கமிட்டி தந்த 18,000 ரூபாயில் பெயின்ட், சார வாடகை போக என் கையில் நின்றது 4,000. ஊரார் மகிழ்ந்தார்கள். ஆனால் என்னோடு படித்த நண்பர், "பிள்ளைகள் பூசியதை உன் படைப்பு என்று எப்படிச் சொல்வாய்?" என்கிறார். அம்மா, "நிரந்தர வேலைக்கு வழி பார்" என்கிறார். இப்போது பக்கத்து ஊராட்சியில் ஒரு பள்ளிச் சுவருக்கு அழைத்திருக்கிறார்கள். ஒரே வாரத்தில் முடிக்க வேண்டுமாம், திறப்பு விழா அன்று பிள்ளைகள் வந்து கை பதித்தால் போதுமாம். இதையே தொழிலாகக் கொண்டு வாழ முடியுமா?
— ஒரு வாசகி, குளச்சல் அருகில்

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் நான் முதலில் பார்த்தது கணக்கைத்தான். ஐந்து வார உழைப்புக்கு 4,000 ரூபாய் மிஞ்சியதற்கு ஊராரின் கையிறுக்கம் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. தூரிகை பிடித்த நாள்களை மட்டுமே நீங்கள் வேலை நாள் என்று எண்ணியிருக்கிறீர்கள். அதற்கு முன் எத்தனை மாலைகள் வலை பழுது பார்ப்பவர்களின் அருகில் உட்கார்ந்து கதை கேட்டீர்கள், பிள்ளைகள் வரைந்த தாள்களை எத்தனை முறை தரையில் பரப்பி வைத்துப் பார்த்தீர்கள், கமிட்டிக் கூட்டத்தில் உங்கள் முறை வருவதற்காக எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. நீங்களே எழுதாததை ஊர்க் கமிட்டி எப்படிக் கணக்கில் சேர்க்கும்?

நம் பக்கத்தில் சுவர் எழுதுபவர்கள் சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசுவது வழக்கம். கடைப் பெயருக்கும் கட்சிச் சின்னத்துக்கும் அந்தக் கணக்கு பொருந்தும், ஏனென்றால் என்ன எழுத வேண்டும் என்பதை வேறொருவர் முடிவு செய்து கொடுத்துவிடுகிறார். ஊரோடு சேர்ந்து வரைபவருக்கோ அந்த முடிவுக்கு வந்து சேர்வதே பெரும்பாதி வேலை. என் அனுபவத்தில், ஒரு நாள் தூரிகை வேலைக்கு இரண்டு நாள் பேச்சு பிடிக்கிறது. ஆகவே இனி எந்தச் சுவருக்கு மதிப்பீடு கொடுத்தாலும், பேசிக் கேட்டு வரைவு தயாரிக்கும் நாள்கள், பொருளும் சாரமும் உதவியாள் கூலியும், சுவரில் வரையும் நாள்கள் என்று மூன்று தலைப்புகளில் எழுதுங்கள். மூன்றிலும் தொகை இருக்கட்டும். பிள்ளைகளுக்கான தேநீரையும் வடையையும் இரண்டாம் தலைப்பில் சேர்க்க மறக்க வேண்டாம். நான் பல ஆண்டுகள் அதை என் பணப்பையிலிருந்து கொடுத்து ஏமாந்தவள்.

அந்தப் பேச்சு நாள்களின் அருமையை நான் ஒரு கரைமடியிடம், அதாவது கரையில் நின்று இழுக்கும் பெரிய வலையிடம், கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கடலோர ஊர் ஒன்றின் மீன் ஏலக்கூடச் சுவரில் கரைமடி இழுக்கும் காட்சியை வரைந்தேன். சுவரின் அகலம் போதவில்லை என்பதால், கயிறு இழுக்கும் ஆள்களை ஒரே வரிசையாக நிறுத்தினேன். நான்காம் நாள் காலையில் ஒரு பெரியவர் சாரத்தின் கீழே நின்று நெடுநேரம் பார்த்துவிட்டு, "டீச்சர், ஒரு பக்கத்துக் கயித்த மட்டும் இழுத்தா மடி கோணிப் போவும், மீனு எல்லாம் அந்தப் பக்கமாப் போயிரும்" என்றார். அவர் சொன்னது முழு உண்மை. இரண்டு முனைகளிலும் ஆள்கள் சமமாக இழுத்தால்தான் அந்த வலை கரை சேரும். அதே நாளில் மீன் விற்கப் போகும் ஓர் அம்மா, தலைச்சுமையை இறக்காமலே, "இதுல நாங்க எங்க இருக்கோம்?" என்று கேட்டார். அவர்கள் எங்கும் இல்லை. மூன்று நாள் வேலையை வெள்ளையடித்து அழித்தேன். வெள்ளைப் பெயின்ட்டும் என் செலவு.

இனி உங்கள் நண்பரின் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில், வெள்ள நீர் ஓடும் கால்வாயின் கான்கிரீட் சுவரில், ஜூடி பாக்கா என்ற ஓவியர் 1976 முதல் 1983 வரை ஐந்து கோடைகளில் ஒரு சுவரோவியத்தை உருவாக்கினார். நீளம் 2,754 அடி. ஏறத்தாழ அரை மைல். கலிஃபோர்னியாவின் வரலாற்றில் பாடநூல்கள் விட்டுவிட்ட மக்களின் கதை அதில் இருக்கிறது. நானூறுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் அதில் வண்ணம் பூசினார்கள். அவர்களில் காவல்துறை வழக்குகளில் சிக்கிய சிறார்களும் இருந்தார்கள், அந்த வேலைக்காக அவர்களுக்குக் கூலியும் கிடைத்தது. வரலாற்று அறிஞர்களும் அந்தந்தச் சமூகத்தின் முதியவர்களும் சொன்னவற்றிலிருந்து காட்சிகள் உருவாயின. ஆயினும் அது பாக்காவின் படைப்பு என்பதில் இன்று யாருக்கும் ஐயமில்லை. நூறு கைகள் பூசிய சுவர் ஒரே ஓவியமாக நிற்கும்படி கோட்டையும் நிறத்தையும் வரிசையையும் பிடித்து வைத்திருந்தவர் அவர். உங்கள் மதிலிலும் அந்த வேலையைச் செய்தவர் நீங்கள்தானே? அப்படியானால் மூலையில் "வடிவமைப்பும் வழிநடத்தலும்" என்று உங்கள் பெயரையும், அதன் கீழே வரைந்த நாற்பது பிள்ளைகளின் பெயர்களையும் எழுதுங்கள். சென்ற ஆண்டு எழுதாமல் விட்டிருந்தால், அடுத்த விடுமுறையில் போய் எழுதிவிட்டு வாருங்கள்.

பெயரோடு உரிமையும் சேர்ந்து வருகிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்து ஓவியம் வரையச் சொன்னவரே அதன் முதல் உரிமையாளர். உங்கள் சுவரோவியத்தை நாளை ஒரு நாட்காட்டியில் அச்சிட்டு விற்றாலும் நீங்கள் பங்கு கேட்க இயலாமல் போகலாம் என்பதால், இதைப் பற்றி ஒரே ஒரு வரியாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் 57ஆம் பிரிவு, படைப்பாளி என்ற பெயருக்கும் படைப்பு சிதைக்கப்படாமல் இருப்பதற்கும் உள்ள உரிமையை வரைந்தவரிடமே விட்டுவைக்கிறது. டெல்லியில் அரசின் மாநாட்டு மாளிகையான விஞ்ஞான் பவனில் 1962இல் நிறுவப்பட்ட, சிற்பி அமர்நாத் சேகலின் வெண்கலச் சுவர்ச் சிற்பம் 1979இல் பெயர்த்தெடுக்கப்பட்டுச் சிதைந்தபோது, அவர் இந்தப் பிரிவைக் கொண்டுதான் அரசுக்கு எதிராக வழக்காடினார். 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் எஞ்சிய பாகங்களை அவரிடம் ஒப்படைக்கவும் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. நீங்கள் வழக்குக்குப் போக வேண்டியதில்லை. சுவரை இடிக்கவோ வெள்ளையடிக்கவோ நேர்ந்தால் ஒரு மாதம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டால் போதும்.

கை பதிக்கும் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். வண்ணத்தில் கையைத் தோய்த்துச் சுவரில் ஒற்றுவதால் பிள்ளை எதையும் தீர்மானிப்பதில்லை. புகைப்படத்துக்கு நிற்கிறது, அவ்வளவுதான். பிள்ளைகளின் பங்கு வரைவிலேயே தொடங்க வேண்டும். வகுப்பில் அவர்கள் வரைந்த தாள்களில் உயிருள்ள கோடுகளைத் தேர்ந்து, கட்டம் போட்டுப் பெரிதாக்கிச் சுவருக்கு மாற்றுங்கள். ஒரு சிறுவன் வரைந்த கோணல் வள்ளத்தைத் திருத்தி நேராக்காதீர்கள். நிறங்களை நீங்களே கலந்து, டப்பாவுக்கு ஓர் எண் இட்டு, சுவரில் அதே எண்ணைச் சாக்கட்டியால் குறித்துவிட்டால், எட்டு வயதுக் குழந்தையும் தன் பகுதியைத் தப்பில்லாமல் பூசும். ஓரக் கோடுகளை மாலையில் நீங்கள் இழுத்துக்கொள்ளலாம். ஒன்றில் மட்டும் கண்டிப்பு தேவை: தரையில் நின்று எட்டும் உயரத்துக்கு மேல் பிள்ளைகளை ஏற்றக் கூடாது. சாரம் பெரியவர்களுக்கே.

சாரத்தில் உங்களோடு ஏறுவதற்குப் பழைய விளம்பரப் பலகை ஓவியர்களைத் தேடிப் பிடியுங்கள். ஃபிளெக்ஸ் வந்து அவர்களின் பிழைப்பைப் பறித்தபின் சிலர் ஆட்டோ ஓட்டுகிறார்கள், சிலர் வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறார்கள். இருபது அடி உயரத்தில் நூல் பிடித்து நேர்கோடு இழுக்கவும், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு எழுத்து எவ்வளவு பருமனாகத் தெரிய வேண்டும் என்று கணிக்கவும் அவர்களுக்குத் தெரியும். நுண்கலைக் கல்லூரியில் எனக்கு யாரும் சொல்லித்தராத பாடம் அது. தக்கலையில் ஒரு பலகை ஓவியரிடம் இரண்டு விடுமுறைகள் எடுபிடியாக இருந்து கற்றுக்கொண்டேன். அவர்களுக்கு முழுக் கூலி கொடுங்கள்.

சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மாவட்டத்தில் ஓவியத்தைக் கெடுப்பது பெரும்பாலும் பின்னால் இருக்கும் சுவர்தான். ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை என்று இரண்டையும் வாங்கும் மண் இது. கரையோரத்தில் உப்புக்காற்று வேறு. புதிதாகச் சிமென்ட் பூசிய சுவர் குறைந்தது நான்கு வாரம் உலர வேண்டும், இல்லாவிட்டால் அதன் காரம் வண்ணத்தை அரித்துவிடும். வெள்ளைப் பொடி போல உப்பு பூத்திருந்தால், நீர் ஊற்றிக் கழுவாமல் முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து உதிர்க்க வேண்டும். நீர் ஊற்றினால் அது கரைந்து மீண்டும் உள்ளே போய்ப் பின்னர் எங்காவது வெளிவரும். பட்டி, பிரைமர், இரண்டு கை வெளிப்புற எமல்ஷன் என்று அடித்தளம் போட்டபின்தான் ஓவியம். மலிவான ஸ்டெயினரில் (பெயின்ட்டில் கலக்கும் நிறச் சாயத்தில்) கிடைக்கும் பளிச்சென்ற சிவப்பும் இளஞ்சிவப்பும் வெயிலில் வெளுத்துவிடும். காவி நிற்கும், ஏனென்றால் அது இரும்பு ஆக்சைடு. நேரமிருந்தால் பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒருமுறை போய் வாருங்கள். 1956இல் நம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அரண்மனை கேரள அரசின் பராமரிப்பில் இருக்கிறது. உப்பரிக்கை மாளிகையின் மேல்தளத்துச் சுவரோவியங்களைப் பார்க்க முன்கூட்டியே எழுதிக் கேட்டுப் பாருங்கள். சுண்ணாம்புப் பூச்சின்மேல் காவியும் மஞ்சளும் பச்சையும் கருப்பும் வெள்ளையும் ஆக ஐந்தாறு நிறங்களை வைத்துக்கொண்டு என்னவெல்லாம் செய்திருக்கிறார்கள் என்று பார்த்தால், கடையில் அறுபது டப்பா வாங்கும் ஆசை குறையும்.

அம்மாவின் கவலை நியாயமானது. அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியர் பணிக்கான சிறப்பாசிரியர் தேர்வு அறிவிக்கப்பட்டால் கட்டாயம் எழுதுங்கள், அதற்கான சான்றிதழ்கள் சரியாக இருக்கின்றனவா என்று இப்போதே பார்த்து வையுங்கள். ஆனால் அந்த அறிவிப்பு அடிக்கடி வருவதில்லை என்பதால் அதையே நம்பிக் காத்திருக்க முடியாது. இப்போதுள்ள மூன்று நாள் பள்ளி வேலையை விட்டுவிட வேண்டாம். மாதாமாதம் வரும் பணம் சிறிதாக இருந்தாலும், குறைந்த கூலிக்கு ஒரு சுவரை மறுக்கும் துணிவை அதுதான் தரும். தவிர, சுவருக்கான பாதி வேலை வகுப்பறையிலேயே நடந்துவிடுகிறது. மழை மாதங்களில் பேச்சும் வரைவும், ஜனவரி பிப்ரவரியின் வாரயிறுதிகளில் சிறிய சுவர், ஏப்ரல் மே விடுமுறையில் பெரிய சுவர் என்று ஆண்டைப் பிரித்துக்கொண்டால், இரண்டு வேலையும் ஒன்றையொன்று நெருக்காது. கோடையில் விடிந்ததும் தொடங்கி ஒன்பதரை மணிக்கு நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் வண்ணம் பிரஷ்ஷிலேயே காய்ந்துவிடும். ஆண்டுக்கு இரண்டு சுவர்களுக்குச் சரியான கூலி கிடைத்து, பள்ளிச் சம்பளமும் சேர்ந்தால் ஒருவர் வாழலாம். வசதியாக வாழலாம் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கணக்கை ஒரு நோட்டில் எழுதி அம்மாவிடம் காட்டுங்கள். "எனக்கு இது பிடித்திருக்கிறது" என்று நீங்கள் சொல்வதைவிட அந்த நோட்டு அவரிடம் நன்றாகப் பேசும்.

ஊராட்சிக்கு மறுப்புக் கடிதம் எழுதாதீர்கள். ஒரு வாரத்தில் முடியாது, பள்ளி வேலையோடு சேர்த்து ஆறு வாரம் வேண்டும், பிள்ளைகள் முதல் வாரத்திலிருந்தே வருவார்கள், மதிப்பீடு இது என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். சுவருக்கு உரிமையான துறையிடமிருந்து எழுத்து வழி அனுமதி வாங்கித் தருவது ஊராட்சியின் பொறுப்பு என்றும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். பொதுச் சுவரில் வாய்மொழி அனுமதியை நம்பி வரைந்து, அதிகாரி மாறியதும் சுண்ணாம்பு அடிக்கப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஒரு வாரமே வேண்டும் என்று நின்றால், நல்ல பலகை ஓவியர் ஒருவரின் பெயரைச் சொல்லி, அந்த வேலையை அவருக்கு விட்டுவிடுங்கள். அவருக்கும் வேலை வேண்டியிருக்கிறது.

கடிதம் கொடுப்பதற்கு முன் ஒரு மாலை அந்தப் பள்ளிக்குப் போய், சுவரின் அடிப்பகுதியிலும் நடுவிலும் ஒரு முழ அகலப் பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு இறுக ஒட்டிவிட்டு வாருங்கள். மறுநாள் தாளின் உட்பக்கம் நீர் முத்து முத்தாக நின்றால், மதிப்பீட்டில் கசிவைச் சரிசெய்யும் கொத்தனார் கூலியையும் சேர்க்க வேண்டியிருக்கும்.