ரேடியேட்டரை விடுங்கள், பேஸ்மென்ட்டுக்குப் போய்ப் பாருங்கள்

கேள்வி: சார், நியூ ஜெர்சியில் 1920-களில் கட்டிய பழைய வீட்டை வாங்கியிருக்கிறோம். ஸ்டீம் ஹீட்டிங், ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் ஒரே ஒரு பைப்தான். தெர்மோஸ்டாட் ஹாலில் இருக்கிறது. ஹால் சூடானதும் பாய்லர் நின்றுவிடுகிறது, ஆனால் மாடியில் கடைசி அறை ரேடியேட்டர் அதற்குள் பாதிகூடச் சூடாவதில்லை. அந்த அறையில் மாமியார் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தூங்குகிறார். ரேடியேட்டர் வென்ட்டை (காற்று வெளியேறும் சின்ன வால்வை) இரண்டு முறை மாற்றிப் பார்த்தாயிற்று. பிளம்பர் ரேடியேட்டரையே மாற்றச் சொல்கிறார். மாற்றவா?
(பெயர் வேண்டாம், நியூ ஜெர்சி)

பதில்: மாற்றாதீர்கள். அந்த வார்ப்பிரும்பு ரேடியேட்டர் உங்கள் பேரன் காலம்வரை உழைக்கும்.

சொம்பைக் கவிழ்த்து அண்டாத் தண்ணீருக்குள் அமுக்கினால் தண்ணீர் உள்ளே ஏறாது, காற்று வழிவிடாது. உங்கள் வீட்டிலும் அதே கதைதான். பாய்லர் நின்றதும் பைப்பெல்லாம் காற்று நிறைந்துவிடுகிறது, அது வெளியேறினால்தான் நீராவி முன்னால் போக முடியும். இந்தக் காற்றை வெளியேற்றத்தான் பேஸ்மென்ட்டில் மெயின் வென்ட் என்று ஒன்று வைத்திருப்பார்கள். அது அடைத்துக்கொண்டால் மொத்தக் காற்றும் ரேடியேட்டர்களில் இருக்கிற ஊசித்துளை வென்ட்கள் வழியாகத்தான் போயாக வேண்டும். பாய்லருக்குப் பக்கத்து அறை முந்திக்கொள்ளும், கடைசி அறை காத்துக்கிடக்கும், மாமியார் ஸ்வெட்டர் போடுவார்.

கணக்கு பாருங்கள். 2 அங்குல பைப் 40 அடி ஓடினால் உள்ளே ஏறக்குறைய ஒரு கன அடி காற்று இருக்கும். கோர்ட்டன் நம்பர் 2 மாதிரி நல்ல மெயின் வென்ட் ஒன்று, ஒரு அவுன்ஸ் என்கிற மிகக் குறைந்த அழுத்தத்திலேயே இதை ஒரு நிமிடத்தில் தள்ளிவிடும்.

பாய்லரிலிருந்து கிளம்பும் தடித்த பைப்பைக் கூரையோடு பார்த்துக்கொண்டே போங்கள். கடைசி ரேடியேட்டருக்குக் கிளை பிரிந்த பிறகு, பைப் முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் பித்தளை உருளை மாதிரி ஒன்று நிமிர்ந்து நிற்கும். பாஸ்டன் பக்கம் நான் இருந்த வீட்டில் அது நாலு கோட் வெள்ளைப் பெயின்டுக்குள் இருந்தது, இரண்டு வருடம் அதை வெறும் மூடி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பாய்லர் கிளம்பியதும் வென்ட் மேல் படாமல் பக்கத்தில் கையைக் காட்டுங்கள். புஸ்ஸென்று காற்று வர வேண்டும், பைப் கொதிக்க ஆரம்பித்ததும் தானாக மூடிக்கொள்ள வேண்டும். காற்றே வராவிட்டால் அடைப்பு. மூடாமல் நீராவி கக்கிக்கொண்டே இருந்தால் அதுவும் போய்விட்டது என்று அர்த்தம், அப்போது பாய்லரில் தண்ணீர் குறைந்துகொண்டே வரும், நீங்கள் புதுத் தண்ணீர் விட விடப் பாய்லர் துருப்பிடிக்கும்.

கழற்றுவதற்கு முன் பைப்பைச் சுற்றி வெள்ளையாக, அட்டை மாதிரி வரிவரியாகப் பழைய உறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கை வைக்க வேண்டாம், ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், அதற்கு உரிமம் பெற்ற ஆள்தான் வர வேண்டும்.

அப்படி எதுவும் இல்லையென்றால் முதல் நாள் இரவே மரையில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். மறுநாள் பாய்லர் ஸ்விட்சை அணைத்து, பைப் நன்றாக ஆறட்டும். கட்டாயம் இரண்டு ரெஞ்ச் வேண்டும்: ஒன்றால் கீழே இருக்கும் நிப்பிளை (வென்ட்டைத் தாங்கும் குட்டைப் பைப் துண்டை) அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் வென்ட்டின் அறுகோணப் பகுதியைத் திருப்புங்கள். உருளையைப் பிடித்துத் திருகினால் நசுங்கும். ஒரே ரெஞ்சோடு மல்லுக்கட்டினால் நூறு வயது நிப்பிள் படக்கென்று உள்ளேயே முறியும், அப்புறம் பிளம்பரைக் கூப்பிட வேண்டியதுதான். புதியதற்கு டெஃப்லான் டேப் சுற்றி, செங்குத்தாக நிற்கிற மாதிரி மாட்டுங்கள்.

பழையது ஏன் போனது என்றும் யோசியுங்கள். சிலர் சூடு போதவில்லை என்று பாய்லரின் அழுத்தத்தை ஏற்றி வைப்பார்கள், அது வென்ட்டுக்கு எமன். வீட்டுக்கு 2 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு) கீழே தாராளமாகப் போதும். பைப்பின் முனையிலேயே வென்ட் இருந்தால், பைப்பில் ஓடிவரும் தண்ணீர் மோதி மோதி அதை உடைக்கும். சுமார் 15 அங்குலம் முன்னதாக, ஆறேழு அங்குலம் உயரத்தில் இருந்தால் பிழைக்கும்.

கேள்வி: பழைய மெயின் வென்ட்டை வினிகரில் ஊறவைத்தால் சரியாகுமா?
(வாசகி, நியூயார்க்)

பதில்: சில சமயம் ஆகும். ஊறவைத்து, அலசி, மரைப் பக்கம் வாய் வைத்து ஊதிப் பாருங்கள், நிமிர்த்திப் பிடித்தால் தடையில்லாமல் போக வேண்டும், மிதவை வைத்த வகை என்றால் கவிழ்த்ததும் அடைக்க வேண்டும். என்னைக் கேட்டால், இவ்வளவு பாடுபட்டுக் கழற்றிய பிறகு பழையதையே திரும்ப மாட்ட மாட்டேன்.