செடி கொல்லையில் இருக்க, ஊசி எதற்கு?

கேள்வி: என் தங்கை மகனுக்கு ஆறு வயது. ஏ.எல்.எல். வகை ரத்தப் புற்றுநோய்க்குச் சென்னையில் சிகிச்சை நடக்கிறது. வாராவாரம் போடும் வின்கிறிஸ்டின் ஊசி நித்தியகல்யாணிச் செடியில் இருந்து வருவதாக நர்ஸ் சொன்னார். எங்கள் கொல்லையில் அது மண்டிக் கிடக்கிறது. ஊசி போட்டால் பையனுக்கு மலச்சிக்கல் வேறு. இலையைக் கஷாயம் வைத்துக் கொடுக்கலாமா டாக்டர்?
– வாசகி, திருச்செந்தூர்

பதில்: வேண்டாம் அம்மா, ஒரு மடக்குகூட வேண்டாம்.

நர்ஸ் சொன்னது உண்மைதான். உங்கள் பக்கத்திலேயே இதைப் பயிரிட்டு, இலையையும் வேரையும் மருந்துக்காக விற்கிறார்கள். ஆனால் கதையைக் கேளுங்கள். ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இந்த இலையைத் தேநீராகக் குடிப்பார்கள். 1952-ல் அங்கிருந்து கனடாவுக்குக் கொஞ்சம் இலை போனது. வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிள் அதை எலிகளுக்கு வாய்வழியே கொடுத்தார், சர்க்கரை இறங்கவில்லை. சாற்றை ரத்தக்குழாயில் ஏற்றியதும் சில நாளில் எலிகள் கிருமித்தொற்றில் செத்தன. வெள்ளணுக்கள் சரிந்திருந்தன! வெள்ளணு கண்டபடி பெருகும் நோய்க்கு இது உதவுமோ என்ற யோசனை அப்படித்தான் வந்தது. அவரும் வேதியியலாளர் சார்ல்ஸ் பியரும் 1958-ல் அந்த இலையில் இருந்து வின்பிளாஸ்டின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு நெருங்கிய உறவான வின்கிறிஸ்டினுக்கு 1963-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். உங்கள் பையனுக்கு ஒரு தடவைக்கு ஏறுவதோ ஒன்றிரண்டு மில்லிகிராம், உடல் பரப்பைக் கணக்கிட்டு. கஷாயத்தில் எவ்வளவு இருக்கிறது என்று யார் அளப்பது? அந்த இலையில் வேறு ஆல்கலாய்டுகளும் (உடலில் வேலை செய்யும் தாவர வேதிப்பொருள்கள்) ஏராளம்; ரத்த அழுத்தத்தை இறக்குபவையும் உண்டு.

மலச்சிக்கலுக்குக் காரணமும் வின்கிறிஸ்டின்தான். செல் இரண்டாகப் பிரியத் தேவையான நுண்குழல்களை அது உருவாக விடாது. நரம்புக்குள்ளும் அதே குழல்கள் இருப்பதால் குடல் மந்தமாகிறது. கை வைத்தியம் பார்க்காமல் டாக்டரிடமே சொல்லுங்கள், மலமிளக்கி சிரப் தருவார். தாடை வலி, காலை இழுத்து நடப்பது, படியேறத் திணறுவது தெரிந்தாலும் அடுத்த ஊசிக்கு முன்பே சொல்ல வேண்டும். பூஞ்சைத் தொற்றுக்கு யாராவது இட்ராகோனசோல் எழுதினால், வின்கிறிஸ்டின் போவதைச் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் நரம்புப் பாதிப்பு கடுமையாகும். கஷாயம் ஏற்கெனவே கொடுத்திருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். திட்டினால் திட்டட்டும்.