கியர்பாக்ஸை மாற்றுமுன் எண்ணெய்க் குச்சியைப் பாருங்கள்

வணக்கம் ஐயா. உங்கள் 1998 ஆட்டோ கியர் புரோட்டோன் வீரா கார், காலையில் டி-யில் (முன்னோக்கி ஓட்டும் கியர்) போட்டு மூன்று வினாடி கழித்தே நகர்கிறது, செம்பனைத் தோட்டத்து மேட்டில் இன்ஜின் உறுமினாலும் வண்டி இழுக்கவில்லை, சுங்கை சிப்புட் பட்டறையில் கியர்பாக்ஸையே மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவசரப்பட்டுப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

இருபது நிமிடம் ஓட்டிச் சமதளத்தில் நிறுத்துங்கள். இன்ஜின் ஓடட்டும். பிரேக்கை மிதித்தபடி எல்லாக் கியரிலும் ஒருமுறை போட்டுவிட்டு, என்-னில் (நியூட்ரல்) வைத்துக் கைப்பிரேக்கை இழுங்கள். கியர்பாக்ஸ் எண்ணெயின் அளவுக் குச்சியை (இன்ஜின் எண்ணெய்க் குச்சியை அல்ல) உருவித் துடைத்து, மறுபடி விட்டெடுத்து, வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விடுங்கள்.

சிவப்பாக இருந்து அளவு மட்டும் குறைந்திருந்தால் கியர்பாக்ஸ் பம்ப் எண்ணெயோடு காற்றையும் உறிஞ்சுகிறது. நீங்கள் சொன்ன இரண்டு குறைகளும் அதற்குப் பொருந்துகின்றன. அப்போது அடித்தட்டிலும் அச்சு சீலிலும் ஒழுகலைத் தேடுங்கள். கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கின்றன. புது எண்ணெய் காப்பாற்றாது. சிராப் பண்டோங் (பால் கலந்த ரோஜா சர்பத்) நிறத்தில் கலங்கியிருந்தால் ரேடியேட்டர் நீர் உள்ளே கலந்துவிட்டது, வண்டியை எடுக்கவே வேண்டாம்.

கையேடு சொல்லும் எண்ணெயையே ஊற்றுங்கள். என் பழைய காரில் ஒருவர் கையில் கிடைத்ததை ஊற்றிவிட, ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் வண்டி உதறியது.

துணியில் என்ன நிறம் கண்டீர்கள் என்று எழுதுங்கள்.