காசில்லை, கையில் இல்லை

கேள்வி: அமெரிக்காவில், மேரிலாண்டில் இருக்கும் என் மகன், அங்கே நீதிமன்றம் சொன்னாலும் அரசாங்கம் கேட்பதில்லை என்று பயப்படுகிறான். அப்படியும் நடக்குமா? – வெள்ளவத்தை வாசகி

பதில்: நடக்கிறது, அம்மா. ஆனால் கட்டுப்பட மாட்டோம் என்று வாய் திறந்து சொல்ல மாட்டார்கள், கையில் ஒரு சாட்டு இருக்கும். உங்கள் மகனின் மேரிலாண்டில்தான் கில்மார் அப்ரேகோ கார்சியாவும் இருந்தார். எல் சல்வடோருக்கு அனுப்பக் கூடாதென்று 2019இலேயே குடிவரவு நீதிபதி சொல்லியிருந்தும், 2025 மார்ச்சில் அங்கேயே அனுப்பிச் சிறையில் போட்டார்கள். தவறுதலாக நடந்துவிட்டது என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டது. சரி, தவறென்றால் திருப்பிக் கூட்டி வரலாம்தானே? அவர் விடுதலைக்கு வழிசெய்யுங்கள் என்று ஏப்ரல் 10ஆம் திகதி அமெரிக்க உயர் நீதிமன்றம் சொல்ல, வழிசெய்வது என்றால் என்ன என்று சொல்லுக்குப் பொருள் பிரித்துக்கொண்டிருந்துவிட்டு, ஜூனில்தான் கொண்டுவந்தார்கள். அதுவும் புதிதாக ஒரு வழக்கைப் போட்டு.

இலங்கையில் நமக்கு இது புதிதா என்ன? 2023 உள்ளூராட்சித் தேர்தலுக்கு வேட்புமனு வாங்கியாயிற்று, கட்டுப்பணமும் கட்டியாயிற்று, காசு வராமல் வாக்குச்சீட்டு அடிக்க முடியாதென்று அரச அச்சகம் கையை விரித்தது. ஒதுக்கிய பணத்தைத் தடுத்து வைக்காதீர்கள் என்று மார்ச் 3ஆம் திகதி உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டும் தேர்தல் நடக்கவில்லை. அடிப்படை உரிமை மீறல்தான் என்று தீர்ப்பு வந்தது 2024 ஆகஸ்டில். நாம் வாக்குப் போட்டது 2025 மே 6ஆம் திகதி!

2013இல் சாட்டுக்கூடத் தேடவில்லை. பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிராக, அவர் குற்றவாளி என்று பாராளுமன்றத் தெரிவுக்குழு எடுத்த முடிவை மேன்முறையீட்டு நீதிமன்றம் ரத்துச் செய்து நாலே நாளில், அதே முடிவை வைத்துப் பாராளுமன்றம் வாக்கெடுத்தது, ஜனாதிபதி அவரை வீட்டுக்கு அனுப்பினார்.

கேள்வி: பொலிஸ் பிடித்தால் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும்தானே? – கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: சாதாரண சட்டத்தில் ஆம், பயண நேரம் தவிர. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அது 72 மணித்தியாலம், அல்லது அமைச்சரின் கையெழுத்தில், 2022 திருத்தத்துக்குப் பிறகும், 12 மாதம் வரை தடுப்புக்காவல். அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று உயர் நீதிமன்றத்தில் மனுப் போடவோ ஒரு மாதம்தான் அவகாசம். கொழும்பு புதுக்கடை நீதிமன்ற வளாகத்தில் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், பொலிஸ் நிலைய வாசலிலேயே அந்த மாதம் ஓடிப்போயிருக்கும். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டு இலக்கத்தைக் கையோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.